லீவுக் கணக்கும் மாதக் கணக்கும்

(கம்பத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு உறவுக்காரர் ஒருவர் கேட்டார்: “எல்லையில நிக்கிறவுக வீட்டு விசயத்தையெல்லாம் மேடையில பேசணுமாக்கா?” நியாயமான கேள்வி. அவர் மகனும் படையில் இருக்கிறான். நான் சொன்ன பதில் இதுதான்: “பேசத்தான் வேணும் தம்பி. அவுக மேல நாம வச்சிருக்க மரியாதை அந்த வீட்டுப் பொம்பளப் பிள்ளையோட வாயை அடைக்குது.” இன்று நான் பேசப்போவதெல்லாம் இந்தப் பதிலின் விரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மற்ற ஆண்களைவிடப் படைவீரர்கள் அதிகம் அடிக்கிறார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்லக் கணக்கும் கிடையாது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, இந்தியாவில் மணமான பெண்களில் 29.3 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள் என்கிறது. தமிழ்நாட்டின் கணக்கு அதைவிட அதிகம்: 38.1. படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னே நிற்கும் மாநிலம் என்று மார்தட்டும் நாம் இந்த எண்ணை மட்டும் மேடையில் சொல்வதில்லை. கர்ப்பகாலத்தில் அடிபட்டதாகச் சொன்னவர்கள் நாடு முழுவதிலும் 3.1 விழுக்காடு. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் வந்து கேட்கும்போது வாய் திறந்து சொன்னவர்களின் எண்ணிக்கை அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். படைவீரர் வீடு என்று அந்த ஆய்வில் தனிக்கணக்கு இல்லை.

அப்படியிருக்க, படைவீரர் வீட்டைத் தனியாக எடுத்துப் பேசக் காரணம் என்ன? அடி எல்லா வீட்டிலும் ஒன்றுதான். அதிலிருந்து வெளியே வரும் வழி இங்கே வேறு.

நம் பள்ளத்தாக்கு ராணுவ உடுப்பைக் கண்டால் எழுந்து நிற்கும் ஊர். அதற்கு வரலாறும் உண்டு. நாம் பொங்கல் வைத்து வணங்கும் பென்னிகுயிக் ஒரு ராணுவப் பொறியாளர். 1895இல் அவர் முடித்துக்கொடுத்த பெரியாறு அணையில்தான் இரண்டு போக நெல் விளைகிறது. லோயர்கேம்ப் மணிமண்டபத்தில் கும்பிட்டுவிட்டு வரும் அதே சாலையோரம், விடியற்காலையில் ஆள்சேர்ப்புக்காகப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி முடித்து முதல் லீவில் வருகிற பையனுக்குப் பெண் கொடுக்க நீ, நான் என்று போட்டி. இந்த மரியாதையில் எனக்குக் குறையில்லை. எதை வேண்டுமானாலும் மூடி வைக்க அதையே பயன்படுத்துவதில்தான் குறை.

படைவீரர் வருடத்தின் பெரும்பகுதி வீட்டில் இருப்பதில்லை. நிரந்தரப் பணியிலுள்ள சிப்பாய்க்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. ரயிலில் வந்துபோகும் நாளும் அதற்குள்தான். மீதி மாதங்களில் மனைவி மாமனார் மாமியாரோடு இருப்பாள். ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைக்கிற பீஸ் போஸ்டிங் எப்போதாவது வரும்; வந்தாலும் இரண்டு மூன்று வருடம். ஏடிஎம் கார்டு பல வீடுகளில் மாமியாரின் சுருக்குப்பையில் இருக்கும். கணவன் வருகிறான் என்றால் ஊரே கொண்டாடும். கோழி அடிப்பார்கள், கேன்டீன் பாட்டில் எத்தனை என்று மச்சான்மார் கேட்பார்கள். விருந்தாளியாக வந்தவன் கை நீட்டினால் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் எல்லோருக்கும் தெரிந்ததே: “ரெண்டு மாசந்தானத்தா, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. போயிருவான்ல.”

போவான். ஆனால் அவள் முழுகாமல் இருந்தால், அந்த இரண்டு மாதமும் அவளுக்கும் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் உயிர் போகிற காலமாகிவிடும். வயிற்றில் விழும் ஒரு உதையில் நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரியலாம். உள்ளுக்குள்ளேயே இரத்தம் கொட்டலாம். கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று உலக சுகாதார நிறுவனம் அடுக்கும் விளைவுகள் எதுவும் மருத்துவமனைச் சீட்டில் அடி என்று பதிவாவதில்லை. “குளியலறையில் வழுக்கி விழுந்தார்” என்று பதிவாகும்.

கர்ப்பிணியை அடிக்கக் காரணங்கள் பல. வளைகாப்புச் சீர் குறைந்தது ஒன்று. பெண்பிள்ளை பிறந்துவிடுமோ என்ற பயம் இன்னொன்று. பெண்சிசுக் கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது. 2001இல் விரிவாக்கியபோது அந்தப் பட்டியலில் தேனியும் சேர்க்கப்பட்டது என்பதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் படைவீரர் வீட்டுக்கே உரிய ஒரு காரணம் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது லீவுக் கணக்கு.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதில் உயிர்கள் இருக்கின்றன. மருத்துவர்கள் கர்ப்பத்தின் வாரங்களைக் கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள், ஏனென்றால் பெண்ணுக்கு நிச்சயமாகத் தெரிந்த தேதி அது ஒன்றுதான். அந்தக் கணக்கில் பிரசவம் 280ஆம் நாள். கரு உண்டாவது வழக்கமாக இரண்டு வாரம் கழித்து. இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மனைவிக்கு ஜூன் 1ஆம் தேதி மாதவிலக்கு. கணவன் 10ஆம் தேதி லீவில் வருகிறான். 15ஆம் தேதி வாக்கில் கரு தங்குகிறது. அவன் திரும்பிப் போய்விட்டான். ஜூலை 27ஆம் தேதி ஸ்கேன் எடுத்தால் எட்டு வாரம் என்று எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள், பாவம், சந்தோஷத்தோடு. அவன் பனிக்குள் உட்கார்ந்து எட்டு வாரத்தைப் பின்னோக்கி எண்ணுகிறான். ஜூன் 1 வருகிறது. “நான் வந்ததே பத்தாந்தேதி. அப்ப இது யாரு பிள்ளை?”

கரு உண்மையில் ஆறு வாரம்தான். எட்டு என்பது மருத்துவ வழக்கு. இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம். விளக்கத்தான் ஆளில்லை. ஸ்கேன் தேதி சில நாள் முன்பின்னாக மாறும் என்பதையும் அந்தச் சீட்டு சொல்வதில்லை. சந்தேகம் முளைத்த அன்றிலிருந்து வீடியோ கால் ஒரு காவல் வேலையாகிவிடும்: கேமராவைத் திருப்பு, கதவைக் காட்டு, பக்கத்தில் யார். அடுத்த லீவுக்கு அவன் வரும்போது அவள் ஆறாவது ஏழாவது மாதத்தில் இருப்பாள்.

இந்த அவையில் செவிலியர் பயிற்சிப் பிள்ளைகள் பலர் இருப்பதாகச் சொன்னார்கள். உங்களுக்கு என் வேண்டுகோள்: கணவன் வெளியூரில் இருக்கிற எந்தக் கர்ப்பிணிக்கும் வாரக்கணக்கைச் சொல்லும்போது, கரு தங்கியது அதற்கு இரண்டு வாரம் பிந்தித்தான் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சீட்டில் தமிழில் எழுதியே கொடுங்கள். துபாய்க்குப் போனவன் மனைவிக்கும் இது பொருந்தும்.

இனி, அவள் ஏன் வாய் திறப்பதில்லை என்பதற்கு வருகிறேன். “ரெஜிமெண்டுக்கு எழுதிப் போட்டா வேலை போயிரும்.” இதை மாமியார் சொல்வார், ஊர்ப் பெரியவர் சொல்வார், அவளைப் பெற்ற தாயே சொல்வார். வேலை போனால் சம்பளம் போகும், பென்ஷன் போகும், கேன்டீன் கார்டு போகும், பிள்ளைகளின் படிப்பு போகும். அவனைத் தண்டிக்கப் போய்ச் சோற்றில் மண் விழுவது அவளுக்கு. இந்தப் பயத்தை அறியாமை என்று நான் ஒதுக்க மாட்டேன். கணக்குப் போடத் தெரிந்த பெண்ணின் பயம் அது. ஆனால் கணக்கில் பாதிதான் அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

மீதியைச் சொல்கிறேன். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்காகப் படைவீரரின் சம்பளத்தை ஜப்தி செய்ய முடியாது என்கிறது. எங்கள் வக்கீல் கூட்டத்திலேயே சிலர் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு, “மிலிட்டரிக்காரன் சம்பளத்துல கை வைக்க முடியாதும்மா” என்று அனுப்பிவிடுகிறார்கள். பக்கத்தைத் திருப்பினால் 90, 91ஆம் பிரிவுகள் இருக்கின்றன. முன்னது அதிகாரிகளுக்கு, பின்னது மற்ற வீரர்களுக்கு. மனைவி மக்களின் ஜீவனாம்சத்துக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய ராணுவத்துக்கே அதிகாரம் தருபவை அவை. 2001ஆம் ஆண்டின் ராணுவ ஆணைப்படி மனைவிக்கு 22 விழுக்காடு வரை, பிள்ளைகளையும் சேர்த்தால் 33 விழுக்காடு வரை பிடிக்கலாம். அவள் கமாண்டிங் ஆபீசருக்கு மனு எழுத வேண்டும். அவனிடம் விளக்கம் கேட்பார்கள். பிறகு மேலிடத்தில் முடிவாகும். பணம் அவளுக்கு வரும். அவன் வேலையில் இருப்பான். இதில் வேலை போவது எங்கே?

மனு எழுத அவனுடைய ராணுவ எண்ணும், ரேங்கும், யூனிட்டும் வேண்டும். முகவரி 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்று இருக்கும். யூனிட் தெரியாவிட்டால் ரெஜிமெண்டின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதலாம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாகவும் அனுப்பலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: திருமணம் பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்க வேண்டும். அது ஏறாவிட்டால் படையின் பதிவேட்டில் அவள் மனைவியே அல்ல. பெண் கொடுக்கிற தகப்பன்மார்களே, மாப்பிள்ளைக்கு எத்தனை பவுன் என்று பேசுவதோடு நின்றுவிடாமல், கல்யாணம் முடிந்த கையோடு அந்த ஆர்டரின் நகலைக் கேட்டு வாங்கும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது வழி குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது.  இந்தச் சட்டத்தைப் பற்றி ஊரில் இருக்கும் பெரிய தப்பெண்ணம், மனு கொடுத்த அன்றே போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும் என்பது. அதன் 12ஆவது பிரிவு மனு உரிமையியல் தன்மை கொண்டது. அடிக்காதே, அருகில் வராதே, வீட்டை விட்டுத் துரத்தாதே, செலவுக்குக் கொடு என்று நடுவர் உத்தரவிடுவார். அந்த உத்தரவு ஒரு தண்டனை அல்ல. அதை மீறினால்தான் குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட. கையில் பணம் கொடுக்காமல் வைத்திருப்பதும் இந்தச் சட்டத்தில் வன்முறைதான். சுருக்குப்பையில் இருக்கும் ஏடிஎம் கார்டை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்திலிருந்து நேராக மனைவிக்குக் கொடுக்கும்படி வேலை கொடுப்பவருக்கே உத்தரவிடவும் 20ஆவது பிரிவில் நடுவருக்கு அதிகாரம் உண்டு.

கர்ப்பிணிக்கு இதில் தனியாக ஒரு வசதி அமைந்திருக்கிறது. சட்டம் அவளுக்காக எழுதப்படவில்லை, ஆனால் பொருந்தி வந்திருக்கிறது. 27ஆவது பிரிவின்படி அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது நம் வழக்கம். அவன் லடாக்கில் இருந்தாலும், புகுந்த வீடு சிவகாசியில் இருந்தாலும், தாய்வீடு கம்பத்தில் என்றால் உத்தமபாளையம் நடுவர் நீதிமன்றத்திலேயே போடலாம். தாய்வீட்டுக்கு வந்துவிட்டதால் புகுந்த வீட்டில் தங்கும் உரிமை போய்விடுவதுமில்லை. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்பதால் மருமகளுக்கு அங்கே இடமில்லை என்றாகாது என்று 2020 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பவம் நடந்து ஓராண்டு தாண்டிவிட்டது, இனி மனு செல்லாது என்று சொல்பவர்களுக்கும் 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே அது பதில் கொடுத்தது: 12ஆவது பிரிவு மனுவுக்கு அந்தக் காலவரம்பு கிடையாது.

கடுமையான குற்றத்துக்குக் கடுமையான சட்டம் தனியே இருக்கிறது. பெண்ணின் சம்மதமின்றிக் கருச்சிதைவு உண்டாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 89ஆவது பிரிவில் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். அங்கே வேலை போகுமே என்ற பேச்சுக்கு இடமில்லை. போகட்டும்.

“எல்லையில் படும் அழுத்தம்தான் வீட்டில் இப்படி வெடிக்கிறது” என்று ஒரு வாதம் உண்டு. அழுத்தம் உண்மை, அதற்குச் சிகிச்சை வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அதே அழுத்தத்தில் இருப்பவன் தன் சுபேதார் மேல் கை வைப்பதில்லை. அங்கே அடங்கும் கை இங்கே நீளுகிறது என்றால், எங்கே நீட்டலாம் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது.

காரணத்தை வெளியே தேடும் இந்தப் பேச்சு நம் நாட்டோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஃபோர்ட் பிராக் என்ற பெரிய படைத்தளம் இருக்கிறது. 2002 கோடையில், ஆறு வாரத்துக்குள், அங்கிருந்த நான்கு படைவீரர்களின் மனைவிமார் கணவன் கையால் கொல்லப்பட்டார்கள். கணவர்களில் மூவர் ஆப்கானிஸ்தான் போய்த் திரும்பியவர்கள். மலேரியா மாத்திரைதான் காரணம் என்று முதலில் பேசினார்கள். ராணுவமே நடத்திய ஆய்வு, மாத்திரையைக் காரணமாக ஏற்கவில்லை. குலைந்துகொண்டிருந்த மணவாழ்க்கையையும், நீண்ட பிரிவையும், உதவி கேட்டால் வேலைக்கு ஆபத்து என்று வீரர்கள் பயந்ததையும் சுட்டியது. பாருங்கள், நம் ஊர் மாமியார் சொல்லும் அதே வாசகம் அங்கேயும் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்தவற்றில் ஒன்று நமக்கு உதவும். 2006 முதல் அங்கே அடிபட்ட பெண், கணவனின் தளபதிக்குத் தகவல் போகாமலேயே மருத்துவமும் ஆலோசனையும் பெற முடியும். இன்னொன்று அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது: குடும்ப வன்முறைக்காக ஒருவனைப் படையிலிருந்து நீக்கினால், அவன் மனைவி மக்களுக்கு மூன்றாண்டு வரை அரசு மாதப்பணம் கொடுக்கும். அமெரிக்காவைப் புகழ்வதில் எனக்கு ஆர்வமில்லை. அவர்கள் வீட்டிலும் இந்த நோய் தீரவில்லை. ஆனால் ‘வேலை போயிருமே’ என்ற பயத்தை அலட்சியம் செய்யாமல் அதற்கென்று பணம் ஒதுக்கினார்கள். நம் பாதுகாப்பு அமைச்சகம் அப்படியொன்றை ஏற்படுத்த வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர் கேட்கலாம். வாக்குக் கேட்டு வரும்போது நீங்கள் அவரிடம் கேட்கலாம்.

அதுவரை, தளபதிக்குத் தகவல் போகாத ஒரு கதவு நம்மிடம் இருக்கிறதா? இருக்கிறது. அது ஆரம்ப சுகாதார நிலையத்தின் கர்ப்பிணிகள் செக்கப். இந்தப் பெண்ணின் வாழ்க்கையில், மாமியாரின் அனுமதியோடு, அரசாங்கத்தை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் அது ஒன்றுதான். பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் இல்லாமல் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் வராது என்பதால் மாமியாரே கூட்டிக்கொண்டு வருவார். எடை பார்க்கிறார்கள், இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், ஹீமோகுளோபின் எழுதுகிறார்கள். வீட்டில் யாரும் கை நீட்டுகிறார்களா என்று கேட்கும் வழக்கம் மட்டும் வரவில்லை. நர்சம்மா கேட்கலாம். ஆனால் மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். கூட இருக்கும்போது கேட்டால் அன்று இரவு இன்னும் நாலு அடி விழும். வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும், ஆட்கள் வெளியே இருங்கள் என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இது நடக்காத காரியமில்லை. மும்பை பாந்திராவில் பாபா மருத்துவமனையில் 2000ஆம் ஆண்டு மாநகராட்சியும் சேஹத் என்ற ஆய்வு அமைப்பும் சேர்ந்து ‘திலாசா’ என்ற பிரிவைத் தொடங்கின. அரசு மருத்துவமனைக்குள்ளேயே, அங்கே வேலை பார்ப்பவர்களையே பழக்கி, வன்முறைக்கு ஆளான பெண்களைக் கண்டறிந்து உதவும் பிரிவு. பிறகு அது பல மருத்துவமனைகளுக்குப் பரவியது. கம்பம் அரசு மருத்துவமனையில் அதற்கு ஒரு சிறு அறையும், பயிற்சி பெற்ற இரண்டு பேரும் போதும். சமுதாய வளைகாப்பு மேடையில் ஊட்டச்சத்து பற்றி அரைமணி நேரம் பேசுகிறார்களே, அதில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கட்டும். மாமியார்களும் அந்தப் பந்தலில்தான் இருப்பார்கள்.

ஓய்வுபெற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து பதினேழு வருடத்தில் பென்ஷனோடு வந்துவிடுபவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. லீவுக்கு மட்டும் வந்தவர் இப்போது நாள் முழுக்க வீட்டில். கமாண்டிங் ஆபீசர் என்று யாருமில்லை. ராணுவச் சட்டமும் இல்லை. இங்கே மனைவிக்கு நீதிமன்றம்தான். வங்கிக் காவலுக்கு என்று உரிமம் வாங்கிய துப்பாக்கி சில வீடுகளில் இருக்கும். படையில் இருந்தவரைக்கும் துப்பாக்கியை யூனிட்டில் ஒப்படைத்துவிட்டு வந்தவர் அவர். பாதுகாப்பு உத்தரவு பெற்ற மனைவியின் வீட்டில் துப்பாக்கி இருந்தால், அதை உரிமம் வழங்கிய அதிகாரியின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டியது வழக்கை நடத்தும் வக்கீலின் வேலை என்று என் இளைய சகாக்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

முன்வரிசையில் இருக்கும் படைவீரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஊரில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. லீவில் வந்த பையன் அடிக்கிறான் என்று தெரிந்தால், எங்களைப் போன்ற வக்கீல் சொல்வதைவிட, அதே ரெஜிமெண்டின் பழைய ஹவில்தார் போய் ஒரு வார்த்தை சொன்னால் அவன் கேட்பான். சமாதானம் பேசி அவளைத் திருப்பி அனுப்பப் போகாதீர்கள். அவனைத் தட்டிக்கேட்கப் போங்கள்.

வீட்டுக்குப் போனதும் இதை யாரிடமாவது சொல்லுங்கள்: பெண்கள் உதவி எண் 181. குடும்ப வன்முறைச் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலரைத் தேனியில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பார்க்கலாம். மகளிர் காவல் நிலையம் உத்தமபாளையத்தில் இருக்கிறது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று யாரும் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்ணுக்கு எவ்வளவு வருமானம் இருந்தாலும் வக்கீல் இலவசம்.